4,650 ரூபாய் மைக்ராஸ்கோப்: பத்து மாதம் கழித்து ஒரு பழைய லேப் ஆளின் கணக்கு

2000 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். புளுகு. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாக எழுத எனக்கு மனசு வரும். ஆனாலும் நான் இதைத் திருப்பி அனுப்பவில்லை. பத்து மாதமாக வாரத்தில் நாலு நாளாவது அலமாரியிலிருந்து இறக்குகிறேன்.

எழுதுகிறவன் யார் என்று தெரிய வேண்டுமல்லவா? கடலூர் முதுநகர்க்காரன். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 வருஷம் ஆய்வக உதவியாளர். வாத்தியார் இல்லை. பிராக்டிகல் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் செம்பருத்தியும் ஊமத்தையும் தேடி சைக்கிளில் அலைகிற ஆள். நகக்கண்ணில் சாஃப்ரனின் சாயம் போகாமல் கல்யாண வீட்டுக்குப் போய், "என்னய்யா மருதாணியா?" என்று கேட்க வைத்துக்கொண்ட ஆள். தோல் உரித்து, ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, ஃபோகஸ் பிடித்துவிட்டுத் தள்ளி நிற்பேன். "தெரியுதா?" "தெரியுதுண்ணே." அடுத்த பையன். வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணே, நடுவில் சார், கடைசி இரண்டு வருஷம் ஒரு குறும்புக்காரப் பையன் தாத்தா என்றே கூப்பிட்டான். அத்தனை வருஷத்தில் ஒரு ஸ்லைடைப் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததில்லை. பின்னால் வரிசை நிற்கும். ரிட்டயர் ஆனதும் எனக்கென்று ஒன்று வாங்கினேன்.

இணையத்தில் ஆர்டர் போட்டு ஆறாம் நாள் வந்தது. ஹரியானாவில் அம்பாலாவில் தயாரானது. பள்ளிக்கூடத்து லேப் சாமான் பாதிக்கு மேல் அந்த ஊரிலிருந்துதான் வரும், அதனால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தெர்மோகோல் பெட்டி, இரும்பு உடம்பு, கையில் எடுத்தால் நல்ல கனம். ஸ்லைடுக்கு நேர் மேலே வருகிற பொருள்பார்வை லென்ஸ் நாலு: 4, 10, 40, 100 எக்ஸ், அதாவது அத்தனை மடங்கு. நாம் கண் வைக்கிற கண்பார்வை லென்ஸ் இரண்டு: 10, 20 எக்ஸ். எல்இடி விளக்கு, அதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி. கவர் ஸ்லிப் டப்பாவில் 50 என்று போட்டிருந்தது, எண்ணினால் 46.

அந்த 2000 கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? நூறை இருபதால் பெருக்குகிறான், அவ்வளவுதான். லென்ஸின் பக்கவாட்டில் மடங்குக்குப் பக்கத்தில் இன்னொரு எண் பொறித்திருக்கும், அந்த லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்று சொல்கிற எண். என் 40 எக்ஸ் லென்ஸில் 0.65 என்று இருக்கிறது. அதை ஆயிரத்தால் பெருக்கினால் 650. அந்த லென்ஸைக் கொண்டு அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக எதுவும் தெரியாது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஃபிளெக்ஸ் போர்டில் அடித்த மாதிரி, முகம் பெரிதாகும், மூக்கு கலங்கும். வெளிச்சத்தால் பார்க்கிற எந்த மைக்ராஸ்கோப்பும், லட்ச ரூபாய் கொடுத்தாலும், சாதாரணமாக 0.2 மைக்ரானுக்குக் குறைந்த இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான். வெளிச்சத்தின் அலைநீளம் போடுகிற வரம்பு அது, சாதாரண லென்ஸால் அதைத் தாண்ட முடியாது. 20 எக்ஸ் கண்பார்வை லென்ஸை நான் டப்பாவிலிருந்து எடுப்பதே இல்லை.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? நான் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்று. ரியோ இலையும் உப்புத் தண்ணியும்.

ரியோ எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் இருக்கிறது. இலை மேலே பச்சை, அடியில் கத்திரிப்பூ நிறம், இலைக்கக்கத்தில் படகு மாதிரி ஒன்று, அதற்குள் குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. பிளஸ் ஒன் படித்தவர்களுக்குப் பிளாஸ்மா சிதைவு, அதாவது உப்புத் தண்ணியில் செல்லின் உள்பகுதி சுருங்குவது, என்றதும் இந்த இலைதான் நினைவு வரும். பள்ளியில் இருந்தவரை தலைமையாசிரியர் அறைக்கு வெளியே இருந்த தொட்டியில்தான் ராவோடு ராவாகக் கிள்ளுவேன். இப்போது சொந்தத் தொட்டி.

இலையை மடக்கி, ஒடித்து, சாய்வாக இழுத்தால் கிழிந்த ஓரத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய தோல் நிற்கும். அதில் எள்ளளவு போதும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணி, அதன் மேல் தோல், கவர் ஸ்லிப்பை ஊசியில் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். டபக்கென்று போட்டால் காற்றுக்குமிழ் மாட்டும். கறுப்பு வளையம் போட்ட அழகான வட்டம்; அதைச் செல் என்று நினைத்து நியூக்ளியஸ் வரை குறித்து ரெக்கார்டு நோட்டில் வரைந்த பிள்ளைகளை எண்ணினால் ஒரு பஸ் நிரம்பும்.

10 எக்ஸில் பார்த்தால் ஊதாத் தளம். தரையில் ஓடு பதித்த மாதிரி ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும், ஓரம் வரை நிறம் நிறைந்திருக்கும். இப்போது அரை டம்ளர் தண்ணியில் ஒரு டீஸ்பூன் குவித்துக் கல்லுப்பு கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் ஒரு சொட்டு விட வேண்டும். எதிர்ப்பக்கம் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்தால் அது பழைய தண்ணியை உறிஞ்ச, உப்புத் தண்ணி உள்ளே வரும். கண்ணை எடுக்கக் கூடாது. முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஏதாவது ஒரு செல்லின் மூலையில் ஒரு வெள்ளைக் கீற்று விழும். ஊதா அந்த மூலையை விட்டு விலகுகிறது. அடுத்த மூலை. அதற்கடுத்து. இரண்டு நிமிஷத்துக்குள் அத்தனை செல்லிலும் ஊதா திரண்டு உருண்டையாகி நடுவில் உட்கார்ந்துவிடும். செல் சுவர் இம்மியும் அசையாது. வீடு அப்படியே இருக்க, குடியிருக்கிறவர் மட்டும் குறுகிப்போய்க் கூடத்து நடுவில் உட்கார்ந்த மாதிரி.

அந்த ஊதா உருண்டையின் ஓரம் கத்தியால் கீறிய கோடு போலத் தெரிய வேண்டும். அதுதான் லென்ஸுக்கு வைக்கிற பரீட்சை. ஓரத்தில் பச்சையும் சிவப்புமாக வானவில் கரை கட்டினாலோ, நடுவில் தெளிவாகவும் விளிம்பில் மழுங்கலாகவும் இருந்தாலோ லென்ஸ் மட்டம். என்னுடைய 10 எக்ஸ் லென்ஸ் இதில் சுத்தமாகத் தேறியது, பள்ளியில் இருந்த சிலவற்றைவிட நன்றாகவே. 40 எக்ஸ் நடுவில் தெளிவு, வட்டத்தின் வெளி ஓரம் கால்வாசி கலங்கல். பார்க்க வேண்டியதை நடுவுக்கு நகர்த்திக்கொண்டால் சமாளிக்கலாம். 100 எக்ஸ் தண்டம். அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவே செடார் எண்ணெய் விட வேண்டும், எண்ணெய் பெட்டியில் வரவில்லை, வாங்கி விட்டுப் பார்த்தும் மூட்டம்தான். செடார் எண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் விட்ட பிள்ளை ஒருவனை எனக்குத் தெரியும். அந்த லென்ஸைத் துடைத்தவனும் நான்தான்.

சுவருக்கும் சுருங்கிய உருண்டைக்கும் நடுவே அந்த வெற்றிடத்தில் என்ன இருக்கிறது? எக்ஸ்டர்னலாக வருகிற தேர்வாளர்கள் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்கிற கேள்வி. காற்று என்பார்கள் பிள்ளைகள், சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். அங்கே இருப்பது நாம் விட்ட உப்புத் தண்ணி. செல்லுலோஸ் சுவர் சல்லடை, உப்பையும் விடும் தண்ணியையும் விடும். சுவருக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற பிளாஸ்மா சவ்வு அப்படியில்லை, தண்ணியைப் போகவர விடும், உப்பை லேசில் விடாது. வெளியே உப்பு அதிகமானால் தண்ணி அந்தப் பக்கம் போகிறது. இதைத்தான் சவ்வூடு பரவல் என்று பாடத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னொரு நுணுக்கம்: ஊதா நிறம் இருப்பது செல்லின் நடுவே உள்ள வாக்குவோல் பைக்குள். அதற்கென்று தனிச் சவ்வு உண்டு. செல்லின் முக்கால்வாசி இடத்தை அந்தப் பையே பிடித்துக்கொள்வதால், செல்லுக்குள் இருக்கிற கூழான சைட்டோபிளாசம் அதைச் சுற்றி மெல்லிய பூச்சு மாதிரிதான் நிற்கும். ஆக நாம் பார்க்கிற ஓரம் பையின் ஓரம்.

முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "ஏங்க, உப்பு போட்டா தண்ணி விடும்னு கண்டுபிடிக்கவா நாலாயிரத்து அறுநூறு?"

அவள் சொன்னதில் தப்பில்லை. மாவடு சாடியில் கல்லுப்பைக் கொட்டிக் குலுக்கி வைத்தால் மறுநாள் காய் சுருங்கி உப்புநீர் மிதக்கும். ஒரு சொட்டுத் தண்ணி நாம் விடுவதில்லை, அத்தனையும் காய்க்குள் இருந்தது. வெங்காயப் பச்சடியில் உப்பை முதலிலேயே போட்டால் இலைக்கு வருவதற்குள் நீர்த்துப்போகும். எங்கள் முதுநகரில் மீனைப் பிளந்து உப்பு திணித்துக் கருவாடு போடுகிறவர்களுக்கும் இது கைவேலை. மீனுக்குச் செல் சுவர் கிடையாது, அதனால் அது மொத்தமாகச் சுருங்குகிறது. மாவடுவின் தோல் வரி வரியாகச் சுருங்கினாலும் கடித்தால் இன்னும் நறுக்கென்கிறதே, அது சுவர் இருப்பதால்.

உப்பில் சுருங்கிய ரியோவுக்கு நல்ல தண்ணியை இதே டிஷ்யூ பேப்பர் வித்தையில் திரும்ப விட்டால், உருண்டை மெல்ல உப்பி, மூலை மூலையாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் இதைக் காட்ட நேரமே இருந்ததில்லை. மணி அடித்துவிடும். வீட்டில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தபோது எனக்கு வயது 60.

ஒரு நாள் வேண்டுமென்றே தோலைக் கொதிநீரில் முக்கி எடுத்து வைத்தேன். ஊதா எல்லாம் வெளியே ஓடிவிட்டது, உப்பு விட்டும் ஒன்றும் நகரவில்லை. பீட்ரூட் நறுக்கிப் பச்சைத் தண்ணியில் அலசினால் வெட்டுப்பட்ட செல்லின் சாயம் மட்டும் கொஞ்சம் போகும். அதையே கொதிக்க விட்டால் பாத்திரமே சிவக்கிறது, அதே சங்கதி. உயிரோடு இருக்கும்வரைதான் சவ்வு காவல்காக்கும்.

இங்கே கருவியின் எல்லையையும் சொல்ல வேண்டும். இந்தச் சவ்வை இதில் நீங்கள் பார்க்கவே முடியாது. சவ்வின் தடிப்பு ஏழெட்டு நானோமீட்டர். 0.2 மைக்ரான் என்றேனே, அது 200 நானோமீட்டர். எட்டாத உயரம். சவ்வு செய்கிற வேலை தெரிகிறது, சவ்வு தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவர்ட்டன் என்பவர், எந்தெந்தப் பொருள் செல்லுக்குள் சுலபமாகப் போகிறது, எது போகவில்லை என்று விதவிதமான கரைசலில் செல்களை வைத்துப் பார்த்தே, இந்தப் போர்வை கொழுப்புத் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கண்ணால் காணவில்லை, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வருவதற்குப் பல வருஷம் முன்பு. கொழுப்பு இரட்டை அடுக்கில் புரதங்கள் மிதக்கின்றன என்று பாடத்தில் வருகிற படத்தை சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் தந்தார்கள். கொழுப்புச் சுவரில் தண்ணி எப்படி இவ்வளவு வேகமாகப் புகுகிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பீட்டர் அக்ரே விடை சொன்னார்: அதற்கென்றே அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் சவ்வில் இருக்கின்றன, உப்பு போகாது, தண்ணி மட்டும் ஒற்றை வரிசையில் போகும். 2003இல் வேதியியல் நோபல் பரிசு. அதே பரிசில் பாதி, பொட்டாசியம் போன்ற அயனிகள் போகும் வாய்க்கால்களைப் பற்றி வேலை செய்த மெக்கின்னனுக்கு. பொட்டாசியம் பற்றிக் கீழே இன்னொரு தடவை வரும்.

குறைகளில் பெரிய குறை இது: ஃபோகஸ் நிற்காது. பெரிய குமிழைத் திருப்பி ஃபோகஸ் வைத்துக் கையை எடுத்தால் மேடை தானாக மெல்ல இறங்கும். வாங்கிய மூன்றாம் நாளே விற்றவர்களுக்கு போன் போட்டேன். "உங்க செலவுல அனுப்பி வைங்க சார், பார்க்கிறோம்" என்றார்கள். அம்பாலாவுக்குப் பார்சல் செலவு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். குமிழுக்குப் பின்னால் ஒரு வளையம் இருக்கிறது, அதை இறுக்கினால் இறக்கம் நிற்கும். இதை ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டியில் போட்டிருக்கலாம். கையேடு என்று வந்தது வேறு ஏதோ மாடலுடையது.

விளக்கு வெளிச்சம் கொஞ்சம் நீலம் தட்டுகிறது, கண் கூசுகிறது. நான் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். கரண்டு போனாலும் கவலையில்லை. மேடைக்கு அடியில் இருக்கும் டயாஃபிரம் கைப்பிடியை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் அதைப் பாதி மூடிப் பாருங்கள். சாயம் போடாத பொருளுக்கு வெளிச்சம் குறைந்தால்தான் ஓரம் எழும்பும்.

அதைக் கற்றுக்கொள்ள ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி நல்ல பொருள். மீன் தொட்டி விற்கிற கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு கொத்து கொடுத்தார். இலை இரண்டே அடுக்குச் செல், வெட்ட வேண்டாம், சாயம் வேண்டாம், அப்படியே வைக்கலாம். 40 எக்ஸில் நடு நரம்பை ஒட்டிய நீளமான செல்களைப் பிடியுங்கள். இலைக்குப் பச்சை நிறம் தருகிற பசுங்கணிகங்கள் பச்சை மணி மாதிரி வரிசை கட்டிச் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வரும். பிளஸ் ஒன் படிக்கிற பேத்தி ஞாயிற்றுக்கிழமை வந்தவள் கண்ணை வைத்ததும் கத்தினாள்: "தாத்தா, ஓடுது! பாடலீஸ்வரர் கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி எல்லாம் ஒரே பக்கமா ஓடுது!" அவை தானாக ஓடவில்லை, சைட்டோபிளாசம் ஓடுகிறது, அதில் இவை மிதந்து போகின்றன என்றேன். "அப்ப கூட்டம் தள்ளிட்டுப் போகுதுன்னு சொல்லுங்க" என்றாள். சரிதான். பறித்த உடனே ஓட்டம் மந்தமாக இருக்கும், கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் வைத்தால் சூடு பிடிக்கும்.

வெங்காயத்தோலை எல்லாரும் சொல்வார்கள், நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பெரிய வெங்காயத்தின் உள்பக்கத் தோல், மருந்துக்கடை டிஞ்சர் அயோடினை நீர்க்க வைத்து ஒரு சொட்டு. நியூக்ளியஸ் மஞ்சளாக எழும்பும். 4 எக்ஸே போதும்.

ரியோவில் இன்னொரு புதையல் உண்டு. அந்த ஊதாத் தளத்துக்கு நடுவே அங்கங்கே ஊதா இல்லாத பச்சைக் கண்கள் இருக்கும். இலைத்துளைகள். அவரை விதை மாதிரி இரண்டு காப்புச் செல்கள் எதிரெதிரே. இந்த நிற வித்தியாசத்தால் இலைத்துளை பார்க்க ரியோவுக்கு மிஞ்சிய இலை இல்லை. வெயில் ஏறின பிறகு பறித்தால் வாய் திறந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் காப்புச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, பின்னாலேயே தண்ணி வருகிறது, செல் விறைக்கிறது. துளையைப் பார்த்த பக்கத்துச் சுவர் தடிமன், வெளிப்பக்கம் மெல்லிசு. ஒரு பக்கம் நீளமாகப் பஞ்சர் ஒட்டுப் போட்ட சைக்கிள் டியூபில் காற்றடித்தால் ஒட்டுள்ள பக்கம் உள்வளைந்துகொள்ளுமே, அப்படி இரண்டும் வளைய நடுவில் வாய் திறக்கிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சேதி சொல்ல, பொட்டாசியம் வெளியேறும், தண்ணியும் போகும், வாய் மூடும். இதே ஸ்லைடில் உப்புத் தண்ணி விட்டாலும் மூடுவதைப் பார்க்கலாம். கதவைத் திறக்க மூடத் தசை கிடையாது செடிக்கு. தண்ணியைத் தூக்கி வைத்து, இறக்கி வைத்துத்தான் எல்லா அசைவும்.

தொட்டாற்சிணுங்கியும் இப்படித்தான். கொல்லையில் ஒரு புதர் இருக்கிறது. இலைக்காம்பின் அடியில் இருக்கிற புடைப்பைக் குறுக்கே சீவி வைத்தால் மெல்லிய சுவர்ச் செல்கள் வட்டமாகத் தெரியும். தொட்டதும் புடைப்பின் கீழ்ப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியேற, தண்ணி கூடவே ஓட, காம்பு தொங்கிவிடும். நிமிர்வதற்குப் பேத்தி கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தாள், 14 நிமிஷம். தொட்ட இடத்திலிருந்து சேதி மின்துடிப்பாகப் போகிறது என்று ஜகதீஸ் சந்திர போஸ் நூறு வருஷத்துக்கு முன்பே கல்கத்தாவில் தாமே செய்த கருவிகளை வைத்துச் சொன்னார். இதற்கு மைக்ராஸ்கோப் அவசியமில்லை, செடியே போதும்.

காசித்தும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். வேரோடு பிடுங்கி, வேரைக் கழுவி, தண்டைக் கீழே வெட்டி, சிவப்பு மை கலந்த தண்ணியில் வெயிலில் வைத்தால் அரை மணியில் தண்டுக்குள் சிவப்புக் கோடு ஏறுவது வெறும் கண்ணுக்கே தெரியும். அதைக் குறுக்கே சீவ வேண்டும். முன்பெல்லாம் நெட்டிக்குள் வைத்துச் சீவுவோம். இப்போது காரட்டைப் பிளந்து நடுவில் தண்டை வைத்துப் புது பிளேடால் இழுக்கிறேன், தண்ணியில் நனைத்து, ஒரே இழுப்பில். பத்து சீவலில் ஒன்று தேறும். 10 எக்ஸில் சிவப்பு பிடித்திருப்பது சைலம் குழாய்கள் மட்டும். அவை செத்த செல்கள். உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் தண்ணிக்கு வழி.

செத்த குழாய் எப்படி ஏற்றுகிறது என்று எதிர்வீட்டுத் தம்பி கேட்டான், போர்வெல் மோட்டார் வேலை செய்கிறவன். நான் அவனையே திருப்பிக் கேட்டேன்: "மேலே உட்கார்ந்த மோட்டார் எத்தனை அடி ஆழத்திலிருந்து இழுக்கும் தம்பி?" "இருபத்தஞ்சு அடிக்கு மேல இழுக்காதுங்க பெரியப்பா, அதுக்குத்தான் சப்மெர்சிபிள் இறக்குறோம்." காற்றழுத்தம் தள்ளித்தான் தண்ணி ஏறுகிறது, அது தூக்கக்கூடியது கணக்குப்படி சுமார் பத்து மீட்டர், 34 அடி. நடைமுறையில் அவன் சொன்ன 25. அப்படியானால் என் கொல்லையில் அறுபது அடித் தென்னையின் குருத்துக்கு யார் ஏற்றுகிறார்கள்? வேரழுத்தம் கொஞ்ச தூரம் தள்ளும், அதன் வேலை விடிகாலையில் புல் நுனியில் முத்துக் கட்டுகிறதே அந்த அளவுதான். மீதி மேலிருந்து இழுப்பு. ஓலையில் இலைத்துளை வழியே ஒவ்வொரு நீர்த்துளியும் ஆவியாகும்போது பின்னால் இருக்கிற தண்ணியை இழுக்கிறது. தண்ணி மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் அறுபது அடிக் கயிறும் சேர்ந்து ஏறுகிறது. டிக்சனும் ஜோலியும் 1894இல் சொன்ன விளக்கம், இன்றும் அதுதான் நிற்கிறது. குழாய் நூலினும் மெல்லிசாக இருந்து, நடுவில் காற்றுக்குமிழ் இல்லாமல் இருந்தால்தான் இது நடக்கும். "ஏர் லாக் ஆனா?" என்றான் தம்பி. அந்தக் குழாய் அவுட், தண்ணி பக்கத்துக் குழாய்க்குச் சுற்றிக்கொண்டு போகும் என்றேன். எங்கள் பேச்சில் அவனுக்குத்தான் இது சட்டென்று புரிந்தது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இல்லை.

பிச்சாவரத்துக்குப் போனபோது படகுத்துறையில் கீழே விழுந்து கிடந்த வெண்கண்டல் இலை நாலைந்து பொறுக்கி வந்தேன். நக்கினால் உப்பு. இலையை 4 எக்ஸில் வைத்து, அடியிலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துவிட்டு, பக்கவாட்டில் கைப்பேசி டார்ச்சை அடித்தேன். உப்புப் படிகம் கல்கண்டு உடைத்த மாதிரி மின்னியது. இந்த மரம் உப்பு நீரை ஏற்றி, மிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. பக்கத்திலேயே முட்டுக்கொடுத்து நிற்கிற சுரபுன்னை வேறு ஜாதி, பெரும்பகுதி உப்பை வேரிலேயே நிறுத்திவிடுகிறது. தோல் உரிக்க மட்டும் வெண்கண்டல் இலை லாயக்கில்லை, அடிப்பக்கம் பூராவும் பொடிமயிர். அரை நாள் போராடி விட்டுவிட்டேன்.

2004 டிசம்பர் 26 சுனாமி அலைக்குப் பிறகு சிங்காரத்தோப்புப் பக்கம் இருந்த என் தங்கை வீட்டுக் கொல்லையில் கடல் தண்ணி இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு மண் ஈரமாகத்தான் இருந்தது. கொய்யாவும் மருதாணியும் ஒரு வாரத்தில் கருகின. "தண்ணியிலேயே நின்னுச்சேண்ணா, எப்படிக் காயும்?" என்று கேட்டாள். கடல் நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரை பங்கு. வேர்ச் செல்லுக்கு வெளியே அவ்வளவு உப்பு இருந்தால் ஈர மண்ணிலிருந்து தண்ணி உள்ளே வராது, உள்ளே இருப்பதும் வெளியே போகும். எனக்கு அன்றைக்கே பதில் தெரியும், வருஷக்கணக்கில் கையில் ஸ்லைடு போட்டவன். ஆனால் அன்று அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். ரியோ ஸ்லைடு போட்டு, உப்புத் தண்ணி விட்டுக் காட்டினேன். உருண்டை சுருங்குவதைக் கடைசிவரை பார்த்தாள். "நல்ல தண்ணி விடுண்ணா" என்றாள். விட்டேன்.

பராமரிப்பைப் பற்றி இரண்டு வரி. கடற்கரை ஊர்க்காரர்கள் கவனியுங்கள்: உப்புக் காற்றும் ஈரமும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும், சிலந்தி வலை மாதிரி. ஒரு தடவை பிடித்தால் லென்ஸ் போச்சு. கூட வருகிற பிளாஸ்டிக் உறை தூசிக்கு மட்டும்தான் ஆகும். பழைய எவர்சில்வர் அரிசி டிரம் ஒன்றில், மூடி இறுக்கமானதாகப் பார்த்து, கருவியை நிறுத்திச் சிலிக்கா ஜெல் ஒரு துணிப்பையில் கட்டிப் போட்டிருக்கிறேன். நீல மணி வெளுத்து ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் மெதுவாகச் சூடுகாட்டினால் மறுபடி நீலமாகும். சமைக்கிற வாணலி வேண்டாம். இதை நான் சொந்த அனுபவத்தில், கொஞ்சம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

யார் வாங்கலாம்? ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை பிள்ளைகள் இருக்கிற வீடு, நாலைந்து பிள்ளைக்கு டியூஷன் எடுக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பாக்டீரியா பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பக்கம் வராதீர்கள், 100 எக்ஸ் ஏமாற்றும். இதே கம்பெனியில் 4, 10, 40 மட்டும் உள்ள மாடல் எண்ணூறு ரூபாய் குறைவு. நான் அப்போது கவனிக்கவில்லை, நீங்கள் அதையே எடுங்கள். மிச்ச எண்ணூறில் நல்ல கவர் ஸ்லிப், ஊசி, பிரஷ், இரண்டு வாட்ச் கிளாஸ், ஒரு ரியோ தொட்டி எல்லாம் வந்துவிடும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஃபோகஸ் இறக்கத்துக்கும் வேறு மாடல் கையேட்டுக்கும் ஒன்று, 2000 என்று போட்டதற்கு அரை.

பின்குறிப்பு: இதை எழுதி வைத்துவிட்டுப் போன வாரம் ஸ்டேஜ் கிளிப் ஒன்று உடைந்துவிட்டது. தனியாகக் கிடைக்காதாம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து ஒன்று செய்து போட்டிருக்கிறேன், பழையதைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது.